விதை தராத புல்லும் சித்தூர்ச் சீமையும்

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் தனியே பிரிந்தபோது சித்தூர் மாவட்டமும் அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியதும் திருப்பதியும் திருச்சானூரும் அங்கேயே நின்றதும் எல்லை வரலாற்றில் விரிவாகப் பேசப்படுபவை. அதே 1953இல் கோயம்புத்தூரில் இந்தியாவின் முதல் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் உருவானதை அவ்வரலாறு பொருட்படுத்துவதில்லை.

'ஒட்டு' என்னும் சொல் மாங்கன்றை நினைவூட்டலாம், இது கலப்பினமே. கம்பின் குரோமோசோம்கள் 14, ஆப்பிரிக்க நேப்பியர் புல்லுக்கு 28; இரண்டும் கலந்து பிறந்ததற்கு 21. ஒற்றைப்படை எண் சீராகப் பிரியாது. ஆகவே விதை பிடிப்பதில்லை. கரும்பைப் போலக் கரணை வெட்டியே நடவேண்டும். விதை வணிகத்துக்கு இது குறை. சிறு உழவருக்கோ இதுவே வாய்ப்பாயிற்று: ஒருவர் தோட்டத்தில் வெட்டிய தண்டு அடுத்தவர் வரப்பில் வேர்விட, விதைக்கடையின் தயவு தேவைப்படவில்லை.

அதன் பயன் வைக்கோலுடன் ஒப்பிட்டால்தான் விளங்கும். இரைப்பை நுண்ணுயிர்கள் செவ்வனே இயங்கத் தீவனத்தில் ஏறத்தாழ 7 விழுக்காடு புரதம் வேண்டும். நெல் வைக்கோலில் இருப்பது 3 அல்லது 4. வயிறு நிறையும், மடி நிறையாது. 2008இல் வெளியான கோ-4 இரகம் ஆய்வுப் பண்ணையில் ஆண்டுக்கு எக்டேருக்கு 380 டன் பசும்புல் தந்தது. நாளொன்றுக்கு மாட்டுக்கு 25 கிலோ எனக் கொண்டால், இரண்டு கறவைகளுக்குப் பன்னிரண்டு சென்ட் நிலம் போதும். உழவர் நிலத்தில் பாதியே விளைந்தாலும் கால் ஏக்கர்.

ஆனால் அந்தக் கால் ஏக்கருக்குத் தண்ணீர் வேண்டும். திருச்சானூரை அடுத்த சுவர்ணமுகி, பழந்தமிழ்ப் பெயரில் பொன்முகலி, ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. ஆகவே ஒட்டுப்புல் ஆழ்துளைக் கிணறு உள்ளவரிடமே சென்றது. 1955 முதல் திருப்பதியிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தும் இந்தப் பிளவு மாறவில்லை. பாடத்தால் தீரும் குறையன்று அது. நிலமற்றவரின் பசுவுக்கு இன்றும் வைக்கோலும் சாலையோரப் புல்லும்தான்.

மானாவாரி உழவருக்கு வேறொரு விடை முன்பே இருந்தது. கடலை பறித்தபின் எஞ்சும் கொடி வைக்கோலைவிட இருமடங்குக்கும் மேல் புரதம் கொண்டது, பாசனம் கேட்பதில்லை. அதற்கு இரகப் பெயரில்லை, வெளியீட்டு ஆண்டுமில்லை. சித்தூர்ப் புன்செய்கள் மாந்தோப்புகளாக மாற மாற, அந்தக் கொடியும் அருகி வருகிறது.