பட்காமில் கிடைத்த ஆறு மணி நேரம்

பரம்வீர் சக்ராவை முதன்முதலில் பெற்றவர் மேஜர் சோம்நாத் சர்மா; 1947 நவம்பர் 3 அன்று காஷ்மீரின் பட்காமில் உயிர்நீத்த பிறகே அவ்விருது அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவரது வீரத்தை உயிர்த்தியாகமாக மட்டும் பார்ப்பது போதாது. அது தெளிவான கணக்கின் விளைவு. அருகிலிருந்த ஸ்ரீநகர் விமான நிலையம் வழியாகத்தான் இந்தியப் படைகள் வந்திறங்கின. அது வீழ்ந்தால் பள்ளத்தாக்கே கைவிட்டுப் போயிருக்கும். ஒருவருக்கு ஏழு பேர் என்ற விகிதத்தில் எதிரிகள் சூழ்ந்தபோதும், குமாவோன் படைப்பிரிவைச் சேர்ந்த அவரது கம்பெனி ஆறு மணி நேரம் அவர்களைத் தடுத்து நிறுத்தியது. ஹாக்கி ஆட்டத்தில் எலும்பு முறிந்து இடக்கையில் மாவுக்கட்டுப் போட்டிருந்த அவர், இயந்திரத் துப்பாக்கி வீரர்களுக்குத் தாமே தோட்டா நிரப்பிக் கொடுத்தார். அருகிலிருந்த வெடிபொருள்மீது மோர்ட்டார் குண்டு விழுந்ததில் மடிந்தார்.

பின்வாங்கியிருந்தால் பல உயிர்கள் தப்பியிருக்குமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பின்வாங்கினால் விமான நிலையத்துக்கு வழி திறந்துவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். உடன் மாண்ட சிப்பாய்களை விட்டுவிட்டு அதிகாரியை மட்டும் போற்றலாமா என்பதும் சரியான ஆட்சேபமே. ஆறு மணி நேரத்தை ஈட்டியது அந்தக் கம்பெனி முழுவதும். நின்று போரிடும் முடிவையும் அதன் பொறுப்பையும் சுமந்தவர் சர்மா. விருது அந்தப் பொறுப்புக்கு உரியது. நம் நன்றியோ அங்கு போரிட்ட அனைவருக்கும் உரியது.