ஆய்தத்துக்கு வைத்த பெயர்

எங்கள் சேலம் என்றதும் உருக்காலை நினைவுக்கு வரும். அந்த 'எஃகு'வில் நிற்கும் ஃ நமக்கு ஆய்தம். யூனிகோடு பட்டியலில் அதன் பெயர் என்ன தெரியுமா நண்பர்களே? 'தமிழ் சைன் விசர்கா'!

1988-ல் வந்த இஸ்கி முறையில் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒரே வரிசை. தேவநாகரி விசர்க்கத்தின் இடத்தில் ஆய்தம் உட்கார்ந்தது. 1991-ல் யூனிகோடு அந்த வரிசையைப் பின்பற்றியது. நம் புள்ளியும் 'விராமா' ஆனது.

1996-ல் வந்த இரண்டாம் பதிப்பு முதல், வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது விதி. மாற்றினால் அதை நம்பி எழுதிய நிரல்கள் குழம்பிவிடும் அல்லவா? அதனால் 'ஆய்தம்' என்று பக்கத்தில் ஒரு குறிப்பு மட்டும் உண்டு.

வணிகவியல் மாணவனான எனக்கு இது பேரேட்டில் கணக்கின் தலைப்பு மாறிப்போனது போலத் தெரிகிறது. தொகை சரிதான், பெயர்தான் வேறு. பலர் பகிரும் நிரலில் பெயர் வைக்கும் அன்றே பேசிவிட வேண்டும்.