எங்கே சுவாசித்தாய், எத்தனை காலம் சுவாசித்தாய்?

கொஞ்சம் நீண்ட பதிவு. மேசன் வேலை, கல்லுடைக்கும் வேலை, கூரை வேலை, டைல்ஸ் வேலை செய்பவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கைத்தொழில் புரட்சியைப் படிப்பிக்கும்போது இயந்திரங்களின் பெயர்களையும் அவற்றைக் கண்டுபிடித்தவர்களின் பெயர்களையும் பிள்ளைகள் பாடமாக்கி விடுகிறார்கள். அந்த இயந்திரங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் எதைச் சுவாசித்தார்கள் என்று நாம் பேசுவது குறைவு. நோயாகி நட்டஈடு கேட்டுப் போனவர்களிடம் சட்டம் திருப்பிக் கேட்ட கேள்வியைப் பற்றிப் பேசுவது அதைவிடக் குறைவு. எங்கே சுவாசித்தாய்? எத்தனை காலம் சுவாசித்தாய்? யாரிடம் வேலை செய்தபோது சுவாசித்தாய்? நூறு வருடமாக இந்த மூன்று கேள்விகளில்தான் ஏழைகளின் வழக்குகள் நின்றும் விழுந்தும் வந்திருக்கின்றன.

இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் 1891இல் பிறந்தவர் நெல்லி கேர்ஷோ. 12 வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு ஆலை வேலைக்குப் போனார். 1917 முதல் டேர்னர் பிரதர்ஸ் அஸ்பெஸ்டஸ் கம்பனியில் அஸ்பெஸ்டஸ் நாரை நூலாக நூற்றார். 1922 ஜூலையில் மூச்சு வாங்கி வேலை செய்ய முடியாமல் நின்றுவிட்டார். அஸ்பெஸ்டஸால் வந்த நஞ்சு என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டோடு அவர் சுகாதாரக் காப்புறுதியிடம் போனபோது, இது வேலையால் வந்த நோய், எனவே எங்களால் தர முடியாது என்றார்கள். கம்பனியோ, வேலையால் வரும் நோய்களின் சட்டப் பட்டியலில் அப்படி ஒரு நோயே இல்லை என்றது. ஒரே துண்டு இரண்டு வாசலிலும் செல்லாமல் போனது. 1924 மார்ச் 14ஆம் திகதி, 33 வயதில் அவர் இறந்தார். அடையாளக் கல் கூட இல்லாமல் ஏழைகளின் கபுறொன்றில் அடக்கினார்கள்.

மரண விசாரணைக்காக அவருடைய நுரையீரலைச் சோதித்தவர் டொக்டர் வில்லியம் எட்மண்ட் குக். உள்ளே கனிமத் துகள்கள் இருந்தன. அதே ஆண்டு அவர் அதைப் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எழுதினார். அதன் பிறகு அரசாங்கத்தின் தொழிற்சாலை வைத்தியப் பரிசோதகர் மெரிவெதர் 363 தொழிலாளர்களைப் பரிசோதித்தார். ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு நுரையீரல் இறுகியிருந்தது. வேலை செய்த ஆண்டுகள் கூடக் கூட நோயாளிகளும் கூடினார்கள். 1930இல் இந்த அறிக்கை பாராளுமன்றத்துக்குப் போனது. 1931இல் நட்டஈட்டுத் திட்டம் வந்தது.

நெல்லிக்குக் கிடைக்காதது மற்றவர்களுக்காவது கிடைத்ததா? பாதிதான். குறிப்பிட்ட சில வேலைப் பிரிவுகளில் இருந்தவர்கள் மட்டுமே அந்தத் திட்டத்துக்குள் வந்தார்கள். அந்தப் பிரிவுகளுக்கு வெளியே அஸ்பெஸ்டஸைத் தொட்டு வேலை செய்தவர்கள் தூசைச் சுவாசித்தும் கணக்கில் வரவில்லை. நோய் முதல்முறையாகப் பட்டியலில் ஏறியபோதே, எங்கே நின்று சுவாசித்தாய் என்ற கேள்வியும் கூடவே ஏறிவிட்டது.

எத்தனை காலம் என்ற இரண்டாவது கேள்விக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தில் கோலி பிரிட்ஜ் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1930இல் ஹோக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தைத் தோண்டத் தொடங்கினார்கள். நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் சுரங்கம் அது. மலைக்குள் இருந்தது பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணலிலும் கருங்கல்லிலும் இருக்கும் அதே பொருள். தண்ணீர் விட்டுத் துளைத்தால் தூசு அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும். அதனால் காய்ந்த கல்லையே துளைத்தார்கள். கீழே சுமார் 3,000 பேர் வேலை செய்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடி வந்த கறுப்பினத்தவர்கள். சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் மற்ற இடங்களில் பல வருடங்கள் எடுத்து வரும். இங்கே சில மாதங்களிலேயே ஆட்களைச் சாய்த்தது. மார்ட்டின் செர்னியாக் என்ற வைத்தியர் பின்னாளில் ஆராய்ந்து, இறந்தவர்கள் 764 பேர் என மதிப்பிட்டார்.

அப்போது அந்த மாநில நட்டஈட்டுச் சட்டத்தில் சிலிக்கோசிஸ் இல்லை. இந்த அழிவு வெளியே தெரிந்த பிறகு, 1935இல் அதைச் சேர்த்தார்கள். ஆனால் இன்றைக்கு அந்த மாநிலச் சட்டத்தைப் படித்துப் பாருங்கள். கடைசியாகத் தூசு பட்ட நாளுக்கு முந்திய 10 ஆண்டுகளில் தொடர்ந்து 2 ஆண்டுகளாவது, அல்லது 15 ஆண்டுகளில் ஏதாவது 5 ஆண்டுகள் அந்த மாநிலத்தில் தூசு பட்டிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஹோக்ஸ் நெஸ்டில் பெரும்பாலோர் ஒரு வருடம் கூட வேலை செய்யவில்லை. யாருடைய மரணத்தால் சட்டம் திருந்தியதோ, அவர்களே இன்று உயிரோடு வந்து கேட்டாலும் இந்தக் கணக்கில் சித்தியடைய மாட்டார்கள்.

சட்டத்தின் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. சிகரட்டாலும் காச நோயாலும் நுரையீரல் கெடும். வருகிற எல்லோருக்கும் கொடுத்தால் நிதி தாங்காது. இத்தனை வருடம் என்று கோடு போட்டால் முடிவெடுப்பது இலகு. ஆனால் அந்தக் கோட்டை வரைபவர் ஒருபோதும் தூசுக்குள் நின்றவராக இருப்பதில்லை.

மூன்றாவது கேள்வி, யாரிடம் என்பது. அஸ்பெஸ்டஸால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் 20, 30, 40 வருடங்கள் கழித்துத்தான் தலைகாட்டும். அதற்குள் ஒருவர் பல முதலாளிகளிடம் வேலை செய்திருப்பார். இங்கிலாந்தில் ஆர்தர் பெயர்சைல்ட் என்பவர் இந்த நோயால் 1996இல் இறந்தார். அவருடைய மனைவி வழக்குப் போட்டார். எந்த முதலாளியின் தூசு நோயைத் தந்தது என்று நிரூபிக்கவில்லை என மேன்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. மருத்துவத்தாலேயே சொல்ல முடியாத ஒன்றை ஒரு விதவையிடம் கேட்டார்கள். 2002இல் பிரபுக்கள் சபை இதை மாற்றியது. தவறாக அஸ்பெஸ்டஸ் தூசு படவைத்து ஆபத்தைக் கூட்டிய ஒவ்வொரு முதலாளியும் பொறுப்பு என்றது. 2006இல் இன்னொரு வழக்கில், அவரவர் பங்கை மட்டும் கட்டினால் போதும் என்று தீர்ப்பு வந்தபோது, முழுத்தொகையையும் யாரிடமும் பெறலாம் என்று அதே வருடம் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. முதலாளியையோ காப்புறுதிக் கம்பனியையோ தேடிப் பிடிக்க முடியாதவர்களுக்காக 2014இல் தனி நிதியும் வந்தது. நெல்லி இறந்து 90 வருடங்களுக்குப் பிறகு.

இனி நம் பக்கம். நமது நாட்டிலும் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. அதிலும் தொழில் நோய்களுக்கு ஓர் அட்டவணை உண்டு. நம் வீட்டுக் கூரைகளில் அஸ்பெஸ்டஸ் சீட் இருக்கிறது. அதை அறுப்பதும் கழற்றுவதும் நம் பாஸ்மார். கிறைண்டரால் டைல்ஸையும் கொங்கிறீட்டையும் காய்ந்தபடியே வெட்டுவதும் அவர்கள்தான். பலருக்கு நாட்கூலி. ஊழியர் சேமலாப நிதியில் பெயர் இல்லை. மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள், ஒப்பந்தக் கடதாசியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள். இருபது வருடம் கழித்து இருமல் வந்து, எங்கே, எத்தனை காலம், யாரிடம் என்று கேட்டால் நம்மவர் எதைக் காட்டுவார்?

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். வெட்டும்போது தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். முகத்தில் கட்டும் லேஞ்சி இந்தத் தூசை மறிக்காது. அடுத்து, வீட்டில் ஒரு பைல் வையுங்கள். வேலை செய்த இடம், தொடங்கிய திகதி, முடித்த திகதி, முதலாளியின் பெயர், கூட வேலை செய்த இரண்டு பேரின் பெயர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். சம்பளத் துண்டு, ஒப்பந்தப் பிரதி, எக்ஸ்றே எதையும் எறியாதீர்கள். எழுதத் தெரியாத வாப்பாமாருக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுங்கள். ஒரு மணித்தியாலம்கூட எடுக்காது.