“பழைய என்ஜினுக்குப் புத்துயிர்”: ஒரு பாட்டில் வாசகத்துக்கு உரை

மூலம்: “பழைய என்ஜினுக்குப் புத்துயிர் தரும். ஆயிலின் வலிமையைக் கூட்டும். புகையை நிறுத்தும். உலோகத்தின் மேல் படலமாய் ஒட்டித் தேய்மானத்தைத் தடுக்கும். எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது.”

ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஆயில் டப்பாக்களுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கும் சிறு பாட்டில்களில் வழக்கமாகக் காணும் சொற்களைத் திரட்டி அமைத்த மூலம் இது. எந்த ஒரு கம்பெனியின் வாசகமும் அன்று. பழைய வண்டி வைத்திருப்பவர், தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் ரீபோர் வேலையின் செலவைக் கேட்டுத் திகைத்து நிற்கும் நேரத்தில்தான் இந்தப் பாட்டில் கண்ணில் படும். அவருடைய காசு அளவானது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்திப் படித்துவிடுவோம்.

“புத்துயிர் தரும்”: தேய்ந்துபோன பிஸ்டன் ரிங், சிலிண்டர் போர், பேரிங் ஆகியவை இழந்தது உலோகம். இழந்த உலோகத்தைத் திருப்பி வைக்கும் திரவம் எதுவும் கிடையாது. ஆனால் தேயாமலே கெடும் என்ஜினும் உண்டு. ஆயில் ரிங்கின் பள்ளத்தில் கரி இறுகி ரிங் அசையாமல் மாட்டிக்கொண்டால், கழுவும் தன்மையுள்ள மருந்து அதைச் சில வேளை விடுவிக்கும். பல வருடம் ஆயில் மாற்றாமல் ஓடிய என்ஜினில் இதைச் செய்யும்போது பெயர்ந்த கசடு ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடலாம். ஆயில் மேலே ஏறாமல் நின்றால் பேரிங் போய்விடும்.

“ஆயிலின் வலிமையைக் கூட்டும்”: டப்பாவில் வருவது வெறும் எண்ணெய் என்று எண்ணியே பலரும் இந்தச் சொல்லை நம்புகிறார்கள். நல்ல என்ஜின் ஆயிலில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை ஏற்கெனவே சேர்மானங்கள்தான். அழுக்கைக் கழுவும் கால்சியம் உப்புகள், கரித்தூளைத் திரளவிடாமல் மிதக்க வைப்பவை, நுரை அடக்குபவை, சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் காக்கும் பாலிமர்கள், தேய்மானம் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டு என்று அவை பல வகை. எல்லாம் ஒன்றுக்கொன்று அளந்து சேர்க்கப்பட்டவை. அவற்றில் சில உலோகப் பரப்பில் இடம் பிடிக்கத் தமக்குள் போட்டியிடுபவை. ஒன்றை மட்டும் மேலே ஊற்றிக் கூட்டினால் மற்றொன்றின் வேலை குறையலாம். வைத்தியர் எழுதிக் கொடுத்த கஷாயத்தில் நாமாக ஒரு பிடி திப்பிலி கூட்டுவது போன்ற காரியம் இது.

“புகையை நிறுத்தும்”: இங்கேதான் அதிகம் தங்க வேண்டும், வண்டிக்காரர் கவலை இதுவே. முதலில் எந்தப் புகை என்று பார்க்க வேண்டும். கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. ஆயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. சூடேறிய பிறகும் இனிப்பு வாடையோடு வெண்புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் வழியே கூலன்ட் கசிகிறது. நீலம் கலந்த புகைதான் ஆயில் எரிவது. அதிலும் இரண்டு விதம். இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு கொத்துப் புகை வந்து பிறகு தெளிந்தால், இறுகிப்போன வால்வு சீல் வழியே சொட்டிய ஆயில் அது. ஆக்சிலரேட்டர் மிதிக்க மிதிக்கப் புகை வந்தால் ரிங் தேய்ந்துவிட்டது. ஐயம் இருந்தால் கம்ப்ரெஷன் கேஜ் வைத்து அளந்து, பிளக் துளை வழியே ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்கலாம். அழுத்தம் ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட்.

புகை நிறுத்தும் பாட்டில்களில் பெரும்பாலும் இருப்பது கெட்டியான பாலிமர். ஆயிலைத் தடிப்பாக்கும், தடித்த ஆயில் இடைவெளியில் குறைவாக ஏறும், புகை கொஞ்சம் அடங்கும். அதே தடிப்பு, காலையில் ஆயில் மேலே வால்வுகளை இயக்கும் ராக்கர் வரை போய்ச் சேரும் நேரத்தைக் கூட்டுகிறது. ஓட ஓடப் பாலிமர் அறுபட்டு நீர்த்துப்போக, புகை திரும்பிவிடும். சீலை ஊற வைத்து மிருதுவாக்கும் மருந்துகள் வேறு வகை. விறைத்த ரப்பருக்கு அவை சில மாதம் உதவும். கிழிந்த ரப்பருக்கு உதவா. என்னுடைய 1988 அம்பாசடரில் காலைப்புகை வந்தபோது அந்த மருந்தில் ஒரு மழைக்காலம் ஓட்டினேன். பிறகு வால்வு சீல் மாற்றினேன். அந்த அவகாசத்துக்கான விலையாக மட்டும் அந்தக் காசை எண்ணுகிறேன், அது வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் ரிங் போன வண்டிக்கு இதை மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டிருப்பவரைக் கண்டால் மனம் வருந்துகிறது. அந்தப் பணம் ரீபோருக்குச் சேர்ந்திருக்கும்.

“படலமாய் ஒட்டி”: படலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று டெஃப்லான் என்று நாம் அறிந்த பிடிஎஃப்இ. தோசைக்கல்லில் அது ஒட்டுவதற்குப் பரப்பைத் தயார் செய்து, பூசி, கடும் சூட்டில் சுட வேண்டும். ஓடும் என்ஜினுக்குள் அப்படி நடக்க வழியில்லை. இந்த வகையில் பேர்பெற்ற ஸ்லிக் 50-இன் விளம்பரங்கள் ஆதாரமற்றவை என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1996-இல் குற்றம் சாட்டியது. 1997-இல் உடன்பாடு ஏற்பட்டு அந்தக் கூற்றுகளுக்குத் தடை வந்தது.

மற்றொன்று முன்சொன்ன துத்தநாக-பாஸ்பரஸ் கூட்டு. இது மெய்யான படலம். உராயும் இடத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய பரப்பாய் அமையும். அம்பாசடர் போன்ற என்ஜின்களில் டாப்பெட் தட்டையாகக் கேம் மேல் உரசுவதால் இந்தக் காப்பு அவசியம். பாஸ்பரஸ் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கெடுக்கும் என்பதால் 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் என்ற ஆயில் தரம் அதன் அளவுக்கு 0.08 சதவீதம் என்று வரம்பு வைத்தது. அதைக் காட்டியே துத்தநாகப் பாட்டில்கள் விற்கப்படுகின்றன. ஆனால் அந்த வரம்பு 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற மெல்லிய ஆயில்களுக்கு உரியது. பழைய கார்களுக்கு நம் ஊரில் ஊற்றும் 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 ஆயில்களை அது கட்டுப்படுத்தவில்லை. ஆகவே சரியான கிரேடு ஊற்றுபவருக்குத் துத்தநாகப் பாட்டில் பெரும்பாலும் தேவைப்படாது. சென்னையில் 1995-க்குப் பின் விற்ற பெட்ரோல் கார் என்றால் அதில் கன்வர்ட்டர் இருக்கும். அங்கே அளவு கூட்டுவது கெடுதல்.

“எல்லா வண்டிகளுக்கும்”: இந்தச் சொல்லை ஏற்க முடியாது. ஸ்ப்ளெண்டர் போன்ற பைக்கில் என்ஜின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் நனைகின்றன. உராய்வைக் குறைக்கும் மருந்து கிளட்ச் தட்டுகளின் பிடிப்பையும் குறைக்கும். மேடு ஏறும்போது என்ஜின் இரையும், வண்டி நகராது. இதற்காகவே பைக் ஆயில் டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று அச்சிட்டிருப்பார்கள். பழைய இரும்பு பிளாக் புல்லட்டில் என்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு, கிளட்ச் பக்கத்துக்கு வேறு என்பதால் அதில் இந்த ஆபத்து இல்லை. பாட்டிலில் ஜாசோ எம்ஏ என்ற எழுத்துகள் இல்லையென்றால் நனைந்த கிளட்ச் உள்ள வண்டியில் ஊற்ற வேண்டாம். ஏற்கெனவே ஊற்றிக் கிளட்ச் வழுக்கினால் ஆயிலை முழுக்க இறக்கிப் புது ஆயில் நிரப்பி நூறு இருநூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் வழுக்கினால் கிளட்ச் தட்டுகளை மாற்ற வேண்டும்.