தெரியாது வேறு, இல்லை வேறு

ஊர் மாறி வந்த அன்று என் மடிக்கணினியில் உள்ள மெயில் சர்வர் ஒரு கடிதத்தையும் அனுப்பவில்லை. "விலாசம் தெரியவில்லை" என்று ஒரே பிடிவாதம். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு.

1970-களில் அமெரிக்காவின் அர்ப்பாநெட்டில் இருந்த கணிப்பொறிகளின் பெயரும் எண்ணும் ஒரே பட்டியலில் அடங்கின. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபைன்லரின் குழுவினர் அதைப் பராமரித்தார்கள். மற்றவர்கள் பிரதி எடுத்துக்கொண்டார்கள். குடும்பம் பெருகவே பட்டியல் ஈடுகொடுக்கவில்லை. 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் பாகப்பிரிவினை செய்தார். அவரவர் பெயருக்கு அவரவரே பொறுப்பு. தெரியாதவர் தெரிந்தவரைக் கேட்க வேண்டியது. அதுதான் டி.என்.எஸ். ஒரு பெயருக்கு வரும் கடிதத்தை எந்தக் கணிப்பொறியிடம் சேர்ப்பது என்பதற்கு 1986-இல் கிரேக் பார்ட்ரிட்ஜ் விதி எழுதினார்.

பாகம் பிரித்தால் சங்கடமும் உண்டு அல்லவா? "அப்படிப் பெயரே இல்லை" என்பது ஒரு பதில், கடிதம் திரும்பிவிடும். "இப்போது விசாரிக்க முடியவில்லை" என்பது வேறு. கடிதத்தை வைத்திருந்து மறுபடி முயல வேண்டும். என் சர்வர் எட்டாத பழைய ஊரின் பெயர்க் கணிப்பொறியையே கேட்டுக்கொண்டிருந்தது. புதிய ஊரின் கணிப்பொறியைக் காட்டினேன். காத்திருந்த கடிதங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன.

தெரியாததை இல்லை என்று சொல்லாத நேர்மை மனிதர்களுக்கும் வேண்டியதுதான்.