தோஷிபா–காங்ஸ்பெர்க் விவகாரம்

பனிப்போர்க் காலத்தில் ஜப்பானின் தோஷிபா மெஷின் நிறுவனமும் நார்வே அரசுக்குச் சொந்தமான காங்ஸ்பெர்க் நிறுவனமும் ஏற்றுமதித் தடையை மீறிச் சோவியத் ஒன்றியத்துக்கு மில்லிங் எந்திரங்களை விற்றதால் எழுந்த சர்ச்சை. 1987-இல் வெளிவந்தது.

கம்யூனிச நாடுகளுக்கு எதை விற்கலாம், எதை விற்கக் கூடாது என்று முடிவு செய்ய மேற்கு நாடுகள் 1949-இல் ‘கோகாம்’ என்ற குழுவை அமைத்தன. பாரிஸில் இயங்கிய இக்குழுவுக்கு முறையான உடன்படிக்கை கிடையாது. உரிமம் தருவதும் மறுப்பதும் அந்தந்த நாட்டு அதிகாரிகள் கையில். ஓட்டை அங்கேதான் இருந்தது.

விற்கப்பட்டவை ஆயுதங்கள் அல்ல. கப்பல் விசிறியைச் செதுக்கும் எந்திரங்கள். ஒன்பது அச்சுகளில் இயங்கும் நான்கு எந்திரங்கள் லெனின்கிராடின் பால்டிக் கப்பல் கட்டும் தளத்துக்குப் போயின. அவற்றை இயக்கும் கணினிக் கட்டுப்பாட்டுக் கருவி காங்ஸ்பெர்க்குடையது. உரிம விண்ணப்பத்திலோ தடையில்லாத சாதாரண லேத் வகை என்று எழுதியிருந்தார்கள். விசிறி இதழின் வளைவு பிசகினால் சுழலும்போது நீரில் குமிழிகள் உருவாகி உடையும். அந்த இரைச்சலை வைத்தே எதிரி நீர்மூழ்கியைக் கண்டுபிடிப்பான். இதழ் நுட்பமாக அமைந்தால் சத்தம் அடங்கும்.

விற்பனைக்கு இடைத்தரகராக இருந்த வணிக நிறுவனத்தின் ஊழியர் ஒருவர் 1985 இறுதியில் கோகாமுக்குக் கடிதம் எழுதினார். ஜப்பானிய அதிகாரிகள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செய்தி அமெரிக்காவில் வெடித்ததும், நாடாளுமன்ற உறுப்பினர்கள் சிலர் கேப்பிடல் புல்வெளியில் ஒரு தோஷிபா ரேடியோவைச் சம்மட்டியால் அடித்து நொறுக்கினார்கள். ஜப்பானிய இறக்குமதி மீது அப்போது அங்கிருந்த எரிச்சலுக்கும் அந்த அடியில் பங்குண்டு. 1987 ஜூலையில் தாய் நிறுவனமான தோஷிபாவின் தலைவர்கள் இருவர் பதவி விலகினர். நீதிமன்றம் தோஷிபா மெஷினுக்கு விதித்த அபராதம் வெறும் 20 லட்சம் யென். 1988-இல் அமெரிக்கச் சட்டம் குற்றம் செய்த இரு நிறுவனங்களின் பொருள்களுக்கும் மூன்றாண்டுத் தடை போட்டது.

சோவியத் நீர்மூழ்கிகளின் சத்தம் குறைந்ததற்கு இந்த எந்திரங்கள்தான் காரணமா என்பது இன்றும் தீராத வழக்கு. எந்திரங்கள் போய்ச் சேருமுன்பே, 1970-களின் பிற்பகுதியில் வந்த விக்டர்-3 வகை நீர்மூழ்கிகள் முந்தியவற்றைவிட அமைதியாக ஓடின. அமெரிக்கக் கடற்படையின் ஜான் வாக்கர் 1985-இல் கைதாகும்வரை பல ஆண்டுகளாக விற்றுவந்த இரகசியங்களால், தங்கள் கப்பல்களின் இரைச்சலை எதிரி எவ்வளவு எளிதாகப் பின்தொடர்கிறான் என்பதும் மாஸ்கோவுக்குத் தெரிந்திருந்தது.