பர்மிங்ஹாமில் தொடங்கிய ஒரு படிப்பு

எண்ம ஊடகங்களையும் உலகப் பண்பாடுகளையும் இணைத்துப் பயிலும் முதுகலைப் படிப்புகள் இணையத்தோடு பிறந்தவை போலத் தோன்றினாலும், அவற்றின் அடிப்படைக் கேள்விகளுள் பல, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஹோகார்ட் 1964-இல் நிறுவிய சமகாலப் பண்பாட்டு ஆய்வு மையத்தில் உருப்பெற்றவை. மையத்துக்குத் தொடக்க நிதி அளித்தவர் பெங்குவின் பதிப்பகத்தின் ஆலன் லேன். டி. எச். லாரன்ஸின் நாவலொன்றை வெளியிட்டதற்காக 1960-இல் அப்பதிப்பகம் ஆபாச வழக்கைச் சந்தித்தபோது ஹோகார்ட் அதன் தரப்பில் சாட்சி சொல்லியிருந்தார் என்பதைக் கருதினால், இத்துறை ஒரு நீதிமன்ற நன்றிக்கடனில் முளைத்தது எனலாம்.

முதுகலை, ஆய்வு மாணவர்களுக்கெனவே தொடங்கப்பட்ட அம்மையத்தை 1960-களின் இறுதியிலிருந்து 1979 வரை வழிநடத்தியவர், ஜமைக்காவில் பிறந்து ஆக்ஸ்போர்டில் பயின்ற ஸ்டூவர்ட் ஹால். அவர் காலத்தில் மாணவர்கள் ஆய்வுக் குழுக்களாகப் பிரிந்து, ஒன்றாகப் படித்து, ஒன்றாக எழுதி, முடிவுறாத கட்டுரைகளையும் படியெடுத்துச் சுற்றுக்கு விட்டனர். அவ்வாறு 1973-இல் வெளிவந்த ஹாலின் கட்டுரையொன்று, தொலைக்காட்சிச் செய்தியைத் தயாரிப்பவர் அதில் ஒரு பொருளை ஏற்றி அனுப்புகிறார் என்றும், பார்ப்பவர் அதை அப்படியே ஏற்கலாம், தம் நிலைமைக்கேற்பப் பாதி ஏற்றுப் பாதி மறுக்கலாம், அல்லது முற்றாக எதிர்த்து வாசிக்கலாம் என்றும் வாதிட்டது. ஊதிய உயர்வை நிறுத்திவைப்பது நாட்டு நலனுக்கே என்னும் செய்தியைக் கேட்கும் தொழிலாளி, 'நாட்டு நலன்' என்பதை 'முதலாளிகளின் நலன்' என்று பொருள்கொள்வது மூன்றாம் வகை. இன்று சமூக ஊடகப் பதிவுகளை ஆராயும் மாணவரும் பெரும்பாலும் இந்த வகைப்பாட்டிலிருந்தே தொடங்குகிறார். கூட்டாக எழுதும் வழக்கமோ அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. தனிநபர் ஆய்வேட்டுக்கு மதிப்பெண் இடும் முறையில் அதற்கு இடம் குறைவு.

ஹாலும் அவருடைய மாணவர்கள் நால்வரும் சேர்ந்து 1978-இல் வெளியிட்ட நூல், தெருவழிப்பறி குறித்து நாளிதழ்கள் கிளப்பிய பீதிக்கும் கறுப்பின இளைஞர்மீதான காவல் கெடுபிடிக்கும் இருந்த உறவை விரிவாக ஆராய்ந்தது. எனினும், திரையில் தோன்றுவதைக் கூர்ந்து வாசித்த அளவுக்கு, திரையைச் செய்யும் கைகளை இத்துறை கவனித்தது எனச் சொல்ல இயலாது. அக்கைகளைக் கவனித்தவர்களுள் ஒருவர் பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருந்தார். இலங்கைத் தமிழரும் லண்டன் இன உறவுகள் நிறுவனத்தின் இயக்குநருமான ஏ. சிவானந்தன், நுண்மின்னணுச் சில்லுகளின் உற்பத்தி மூன்றாம் உலகின் தடையற்ற வர்த்தக வலயங்களுக்கு நகர்ந்து, குறைந்த கூலிக்கு உழைக்கும் இளம்பெண்களின்மேல் சுமத்தப்படுவதை 1979-இலேயே எழுதினார். பின்னர், 1990-இல், நுகர்வையும் அடையாளத்தையும் முன்னிறுத்திய ஹால் முதலியோரின் புதிய அரசியலைக் கடுமையாகச் சாடினார்.

ஹால் பணியாற்றிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1997-இல் வந்த பாடநூல், சோனி வாக்மன் என்னும் ஒரே கருவியை அதன் சித்திரிப்பு, அடையாளம், உற்பத்தி, நுகர்வு, ஒழுங்குமுறை ஆகிய ஐந்து முனைகளிலிருந்தும் விளக்கி, திரை வாசிப்புக்கும் உற்பத்திக்கும் இடையிலான அந்தப் பிளவை ஓரளவு இட்டு நிரப்பியது. கையடக்கக் கருவிகளைப் பற்றிய பாடங்களுக்கு அந்நூல் இன்றும் முன்மாதிரியாக அமைகிறது. பர்மிங்ஹாம் மையமோ, இளங்கலை வகுப்புகளையும் நடத்தும் துறையாக மாறியிருந்த நிலையில், 2001-ஆம் ஆண்டின் ஆய்வுத் தரமதிப்பீட்டில் எதிர்பார்த்த தரத்தைப் பெறவில்லை எனக் காட்டி, மாணவர்களின் எதிர்ப்பையும் மீறி, 2002-இல் பல்கலைக்கழக நிர்வாகத்தால் மூடப்பட்டது.